ஏட்டு ஞானபூரணம் சொன்ன பதில்

ஞானபூரணத்தை டெலிபோன் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவளுடைய வலது முழங்கால். நான்கு வருடத்துக்கு முன்னால், ஆடித்தபசுத் திருவிழா அன்று தெற்கு ரத வீதியில் கூட்டம் நெரித்ததில் இரும்புத் தடுப்பு ஒன்று சரிந்து அவள் காலில் விழுந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்று பாளையங்கோட்டை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெயிலில் எட்டு மணி நேரம் நிற்பதும், மாடி மாடியாக ஏறிச் சம்மன் கொடுப்பதும் இனி ஆகாது என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன், "ஏட்டம்மா, நீங்க உள்ளயே உக்காருங்க. போனையும் வயர்லெஸ் மைக்கையும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு அது தண்டனையாக இருந்தது. இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில், மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் கடன் என்று இருந்த வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. அந்தக் காலை நம்பித்தான் இருபத்திரண்டு வயதில் காக்கி போட்டாள். பஸ் ஸ்டாண்டில் சங்கிலி அறுத்தவனை ரயில்வே கேட் வரைக்கும் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்த கதை இன்றைக்கும் பூ மார்க்கெட்டில் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது வயது நாற்பத்தேழு. கணவர் செல்வின் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறார். மகள் ஏஞ்சல் நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். ஓடிக்கொண்டே இருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ எங்கிருந்தோ பதறுகிற குரல்களைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு கரும்பலகை இருக்கும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஐம்பத்திரண்டு. இருப்பு முப்பத்தொன்று. தினமும் காலையில் அந்தப் பலகையைத் துடைத்து எழுதுவதும் ஞானபூரணத்தின் வேலை. முப்பத்தொன்று என்று எழுதும்போதே அதுவும் பலகையில் மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியும். அதில் கோர்ட்டுக்குப் போனவர்கள், கைதியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனவர்கள், அதிகாரிகள் அலுவலகங்களில் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள், முதுகுவலி மருத்துவ விடுப்பு, பிரசவ விடுப்பு என்று கழித்துக்கொண்டே வந்தால், ஒரு நேரத்தில் ஊரைப் பார்த்துக்கொள்ள ஏழெட்டுப் பேர் தேறினால் பெரிது. ஆடித்தபசுக்குப் பத்தடிக்கு ஒரு போலீஸ் நிற்கும். எல்லாரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். திருவிழா முடிந்த மறுநாள் பஸ் பஸ்ஸாக ஏறிப் போய்விடுவார்கள். ஊர் மட்டும் அதே அளவில் இருக்கும்.

யாராவது அவசரம் என்று கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பு அந்த மேசையில் இருந்த ஏட்டையா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். "வண்டி கிளம்பிட்டு, வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லிரு தாயி. வண்டி வாசல்ல நின்னாலும் அதான், வண்டியே இல்லன்னாலும் அதான். அந்த ஒரு வார்த்தையில ஆளு பாதி தெளிஞ்சிருவாவ." அவளும் அப்படியே சொல்லிவந்தாள். பயந்து கிடக்கிற ஆளிடம் 'இல்லை' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அது பொய் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. குழந்தைக்கு ஊசி போடுகையில் 'வலிக்காதுடா' என்கிற மாதிரித்தான் நினைத்திருந்தாள்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. பக்கத்து ஊரில் பெரிய அரசு விழா. பந்தோபஸ்துக்காக விடியற்காலையிலேயே இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐ.யும் ஜீப்பிலும் வாடகை வேனிலுமாகப் பதினான்கு பேரோடு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் மிஞ்சியது ஞானபூரணமும், வாசலில் துப்பாக்கியோடு பாரா நிற்கிற அருண்குமாரும், ரோந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும். லாக்கப்பில் ஒரு ஆள் இருந்தான். மத்தியானம் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ராஜபாளையம் ரோட்டில் சரக்கு லாரியும் மினி பஸ்ஸும் உரசிக்கொண்டு இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. அடிபட்டவர் யாரும் இல்லை. ஆனால் அந்த நெரிசலுக்குள் ஒரு பெரிய அதிகாரியின் கார் மாட்டிக்கொண்டது. மைக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "ரோடு கிளியர் ஆச்சா? ஆள் போயாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஞானபூரணம் மோட்டார் சைக்கிளை அங்கே அனுப்பினாள்.

பன்னிரண்டு பத்துக்கு அடுத்த போன்.

"அம்மா, போலீஸ் ஸ்டேஷனா? எங் கொழுந்தன் கதவ இடிக்கான். கையில கம்பி வச்சிருக்கான். நான் ஒத்தையில இருக்கேன்."

பெயர் முத்துமாரி. தறிக்காரத் தெரு ஒன்றில் நூல் சுற்றிக் கொடுக்கிறவள். புருஷன் திருப்பூரில் இருக்கிறான். வீட்டுப் பத்திரத்தைக் கேட்டுக் கொழுந்தன் மூன்று நாளாகத் தகராறு பண்ணிக்கொண்டிருந்தான். தெரு, வீட்டு அடையாளம் எல்லாவற்றையும் ஞானபூரணம் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் வழக்கமான பதில் வாயில் தானாக வந்தது.

"பயப்படாதம்மா. வண்டி கிளம்பிட்டு. கதவத் தெறக்காத."

மோட்டார் சைக்கிளைக் கூப்பிட்டாள். "இப்ப விட்டுட்டு வந்தா எங்களத் தொலைச்சிருவாவ ஏட்டம்மா. ஐயா கார் இன்னும் நகரல" என்றார்கள். ஜீப்பைக் கூப்பிட்டாள். விழா முடியவில்லை, முடிந்ததும் வருகிறோம் என்று பதில் வந்தது. கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னாள். குறித்துக்கொண்டோம் என்றார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு மறுபடியும் முத்துமாரி. "எங்க வாராவம்மா?"

"பக்கத்துல வந்துட்டாவ. இன்னும் அஞ்சு நிமிஷம்."

அவளுடைய ஸ்கூட்டர் ஸ்டேஷன் மதிலை ஒட்டி நின்றது. அந்தத் தெருவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஞானபூரணம் எழுந்து வாசல் வரைக்கும் போனாள். அருண்குமார், "என்னக்கா?" என்றான். லாக்கப் ஆள், துப்பாக்கி அறைச் சாவி, மைக், போன் எல்லாமே அவள் பொறுப்பில். ஸ்டேஷனை விட்டுப் போன ஏட்டு ஒருவர் சஸ்பெண்டான கதை மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததுதான். உள்ளே மைக் இரைந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு மூன்றாவது போன். பேச்சு இல்லை. கம்பி பட்டு மரம் பிளக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூடவே, அடுத்த வீடு எதிர்வீடு எங்கும் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளின் சடசடப்பு. அந்தத் தெருவில் பகல் முழுக்க அந்தச் சத்தம்தான். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசவே கத்த வேண்டும். உள்ளே ஒருத்தி அலறினால் யாருக்குக் கேட்கும்? ஞானபூரணம், "அம்மா, முத்துமாரி, முத்துமாரி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் துண்டித்துப்போனது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்தப் பகுதியில் கரண்ட் போயிற்று. தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. அப்போதுதான் தெருவில் அந்த அலறல் கேட்டது. முதலில் வெளியே ஓடிவந்தது எதிர்வீட்டு மீரா பீவி. அவள் புருஷன் முகம்மது ஹுசைன் சார்ஜாவிலிருந்து திரும்பிவந்து நான்கு தறி போட்டிருந்தார். அவரும் தறிகளில் இருந்த ஆட்களுமாக உள்ளே புகுந்து அந்த ஆளைப் பிடித்து, தறியில் கிடந்த பாவு நூல் கயிற்றாலேயே கட்டிப்போட்டார்கள். ஜீப் வந்தது ஒன்று இருபத்தைந்துக்கு. வந்தவர்களுக்குக் கட்டை அவிழ்த்து அவனை வண்டியில் ஏற்றுகிற வேலை மட்டும் இருந்தது.

முத்துமாரி உயிரோடு இருந்தாள். தலையை மறைத்துத் தூக்கிய வலது கையில், முழங்கை எலும்பு மூன்று துண்டாகியிருந்தது.

வாக்குமூலம் வாங்கப் பெண் போலீஸ் வேண்டும். ஸ்டேஷனில் அன்றைக்குக் கையில் இருந்த ஒரே பெண் போலீஸ் ஞானபூரணம்தான். சாயங்காலம் அருண்குமாரை மேசையில் உட்கார வைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கட்டிலில் கிடந்தவளுக்கு முப்பது வயது இருக்காது. கட்டுப் போட்ட கையை நெஞ்சுமேல் வைத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் மீரா பீவி தலையில் முக்காடோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஞானபூரணம் பேப்பரை அட்டையில் வைத்துக்கொண்டு, "நடந்ததச் சொல்லும்மா. மெதுவாச் சொல்லு" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் முத்துமாரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். 

"போன்ல பேசினது நீங்கதான?"

ஞானபூரணம் ஆமாம் என்று தலையசைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். இருபத்தைந்து வருடப் போலீஸ் வேலையில் திட்டு வாங்கிப் பழகிய உடம்பு. ஆனால் முத்துமாரி திட்டவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வண்டி எங்கம்மா நின்னுச்சு? ரோட்டுல மாட்டிக்கிட்டா?"

"வண்டி கிளம்பவே இல்ல."

"பின்ன ஏன் கிளம்பிட்டுன்னு சொன்னிய?"

 முத்துமாரியே தொடர்ந்தாள். "எங்க வீட்டுப் பின்பக்கம் சுவர் தாழ்வு. தண்ணித் தொட்டி மேல கால வச்சா அந்தப் பக்கம் குதிச்சிரலாம். முத போன் போடும்போது தொட்டி மேலதான் நின்னேன். நீங்க வண்டி வருதுன்னு சொன்னிய. கதவத் தெறக்காதன்னும் சொன்னிய. சரி, இந்தா வந்துருவாவன்னு இறங்கி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்னேன். வரமாட்டோம்னு சொல்லியிருந்தியன்னா நான் ஓடியிருப்பேன்மா."

மீரா பீவி உரித்த சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வார்டில் எங்கோ ஒரு குழந்தை அழுதது.  அந்தப் பெண் ஒரு வழியைக் கையில் வைத்திருந்தாள். அதைப் பிடுங்கிப் போட்டது தன்னுடைய ஆறுதல் வார்த்தைதான் என்பது ஞானபூரணத்துக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. ஆள் இல்லாததற்கு அவள் பொறுப்பில்லை. இல்லாத ஆளை இருப்பதாகச் சொன்னதற்கு?

பேனாவை எடுத்தாள். முத்துமாரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். பன்னிரண்டு பத்துக்குப் போன் செய்ததும், வண்டி கிளம்பிவிட்டது என்று ஸ்டேஷனில் சொன்னதும், அதை நம்பிச் சுவர் ஏறாமல் இறங்கி வந்ததும், ஜீப் வந்த நேரமும். எழுதியதை வாசித்துக் காட்டினாள். முத்துமாரியால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஞானபூரணமே அவளுடைய இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றிப் பதிய வைத்தாள்.

ராத்திரி வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் செல்வினிடம் சொன்னாள். அவர் நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். "நீ எழுதுனது ஒன் தலையிலயே விழுமே பூரணம். இன்னும் பதிமூணு வருஷம் சர்வீஸ் கிடக்கு. ஏஞ்சலு படிப்பு இருக்கு" என்றார். "விழட்டும். அவ கையில விழுந்தத விடவா?" என்றாள்.  சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். முப்பத்தெட்டு வயது, நேர்மையான ஆள் என்று பெயர். தூக்கம் இல்லாமல் கண் சிவந்திருந்தது.

"இத மாத்தி எழுதிருங்க ஏட்டம்மா. 'தகவல் கிடைத்ததும் போலீசார் வந்தனர்'னு ஒரு வரி போதும். கேசுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. அவன் அடிச்சான், இவளுக்குக் கை ஒடிஞ்சிது, சாட்சி இருக்கு. முடிஞ்சிது."

"அவ சொன்னது அதுதான்யா."

"நாளைக்குக் கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் இத வச்சு ஆடுவான். பத்திரிகைக்காரன் கையில கிடைச்சா மொத ஆளா நீங்கதான் மாட்டுவிய. அடுத்தது நான்."

"தெரியும்யா."

"என்ன செய்யச் சொல்லுதிய? நான் ஆள வச்சுக்கிட்டா அனுப்பல? இருவத்தொரு ஆளு குறைவுன்னு ஒவ்வொரு மாசமும் எழுதுதேன். மேசைக்கு மேசை போய்த் திரும்பி வருது."

 ஞானபூரணத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன் மேசைக்குப் போய், அன்றைய டூட்டி பட்டியலைப் பிரதி எடுத்தாள். யார் விழாவுக்கு, யார் கோர்ட்டுக்கு, யார் கைதியோடு, யார் ராஜபாளையம் ரோட்டுக்கு என்று நேரத்தோடு இருந்தது அதில். அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவ வாக்குமூலத்த மாத்த வேண்டாம்யா. இதையும் சேத்து மேல அனுப்புவோம். நான் பொய் சொன்னது ஏன்னு அதுல இருக்கு. நீங்க வராதது ஏன்னும் இருக்கு."

ஆவுடையப்பன் பட்டியலை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்துப் பின் அடித்தார்.

அன்றைக்கு முதல் ஞானபூரணம் போனில் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்வது முதலில் அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "இப்ப வண்டி இல்லம்மா. வர நாப்பது நிமிஷம் ஆகும். போன வைக்காதிய. வீட்டுல இன்னொரு வழி இருக்கா? பக்கத்துல யார் வீட்டுல ஆள் இருக்காவ?" வண்டி இருக்கும்போது, "வண்டி இருக்கு, பத்து நிமிஷத்துல வரும்" என்றும் சொன்னாள்.

சிலர் புரிந்துகொண்டார்கள். நிறையப் பேர் திட்டினார்கள். மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, ஆடு களவு போய்விட்டது என்று பேசினார். வண்டி வர இரண்டு மணி நேரமாகும் என்றாள். "அப்போ களவாணிக்கும் நீயே போன் போட்டுச் சொல்லிரு, ரெண்டு மணி நேரம் இருக்குலேன்னு" என்று கத்தினார். 'போலீசில் ஆளே இல்லை என்று போலீசே சொல்கிறது' என்று மறுநாளே கலெக்டருக்கு மனு எழுதிப்போட்டார். அவர் சொன்னதில் தவறு என்ன என்று ஞானபூரணம் ஒருநாள் முழுக்க யோசித்தாள். ஆள் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தால் அது யாருக்கு வசதி?  ஆனாலும் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்ற பெண் அவள் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தாள். அப்படி நிற்கிற இன்னொருத்திக்குப் பழைய பதிலைச் சொல்ல முடியாது.

பேசுவது மட்டும் போதாது என்று தோன்றியது. ஓய்வு நாள் என்று கிடைத்த அரை நாட்களில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். சீருடை இல்லாமல், சேலை கட்டிக்கொண்டு. ஒவ்வொரு தெருவிலும் பகலில் வீட்டில் இருக்கிற, நாலு பேர் சொல் கேட்கிற ஒருவரைத் தேடினாள். அவசரத்தில் கூப்பிட்டால் கதவைத் திறந்து ஒரு பெண்ணையோ பிள்ளையையோ உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். சண்டைக்குப் போக வேண்டாம், யாரையும் பிடிக்க வேண்டாம். ஆயிஷா சித்திகா என்று ஒரு டீச்சர் ஒத்துக்கொண்டாள். பிச்சம்மாள் என்று மாவு மில் நடத்துகிறவள் ஒத்துக்கொண்டாள். நான்கு பேர் முகத்துக்கு நேராகவே முடியாது என்றார்கள்.

மீரா பீவி டீ கொடுத்து உட்கார வைத்துத்தான் கேட்டாள். "செய்யுதேன் ஏட்டம்மா. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன், நாளைக்கு என் மவளுக்கும் அந்த நிலம வரலாம். ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தக் கம்பி எங்க பக்கம் திரும்பிச்சுன்னா?"

"கேட்டப் பூட்டிக்கோங்க. எனக்குப் போன் போடுங்க."

"போட்டா நாப்பது நிமிஷம் ஆகும்னு சொல்லுவிய."

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். 

சித்திரையில் மெமோ வந்தது. பொதுமக்களிடம் துறைக்கு அவப்பெயர் உண்டாக்கும் விதமாகப் பேசியது, பொய்யான தகவல் கொடுத்து ஒரு பெண்ணின் காயத்துக்குக் காரணமானது என்று இரண்டு குற்றச்சாட்டு. முன்னது உண்மை சொன்னதற்கு, பின்னது பொய் சொன்னதற்கு. டி.எஸ்.பி. விசாரித்தார். தென்காசியில் ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஞானபூரணம்.

"ரெண்டுல எத ஒத்துக்கிடுதீங்க?"

"ரெண்டையும்தான்யா. மொதல்ல பொய் சொன்னேன். அதுல ஒரு பிள்ளைக்குக் கை போச்சு. அதனால உண்மையச் சொல்லுதேன்."

"உண்மையச் சொன்னா டிபார்ட்மெண்ட் மேல நம்பிக்கை போயிரும்னு தோணலயா?"

"தோணுதுய்யா. தெனமும் தோணுது. ஆனா அவங்க நம்பி உக்காந்திருக்கும்போது நாம போகலன்னா, அந்த நம்பிக்கைய வச்சு அவங்க என்ன செய்வாங்க?"

அவர் பின் அடித்து வந்த டூட்டி பட்டியலை எடுத்து, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திப் படித்தார். ராஜபாளையம் ரோடு என்ற இடத்தில் விரல் நின்றது. "அன்னைக்கு மைக்ல கேட்டுக்கிட்டே இருந்தது எங்க ஆபீஸ்தான்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். போகச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பொய்த் தகவல் கொடுத்ததற்குக் கண்டனம். பணிப் பதிவேட்டில் அது ஏறும். எஸ்.ஐ. பதவி உயர்வு இரண்டு வருடமாவது தள்ளிப்போகும். மற்றக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. கூடவே ஸ்டேஷனுக்கு நான்கு கான்ஸ்டபிள்களும், பழையதுதான் என்றாலும், இன்னொரு வண்டியும் வந்தன. ஞானபூரணம் பலகையில் முப்பத்தைந்து என்று எழுதினாள். ஆடி மாதம் அதில் இரண்டு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். துடைத்துவிட்டு முப்பத்து மூன்று என்று எழுதினாள்.

முத்துமாரியின் கேஸ் இன்னும் நடக்கிறது. கொழுந்தன் ஜாமீனில் வந்து தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டான். அவள் கை முழுசாக நீளவில்லை. நூல் சுற்றுகிற வேலை ஆகாது என்று ஆனபிறகு முகம்மது ஹுசைன் வீட்டுத் தறியில் முடிந்த துண்டுகளை எண்ணி மடித்துக் கட்டுகிறாள். ஒருநாள் ஸ்டேஷனுக்கு வந்தாள், கோர்ட் வாய்தா தேதி கேட்க. தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு ஞானபூரணம், "எம்மேல ஒனக்குக் கோவம் இல்லையா?" என்று கேட்டேவிட்டாள்.

முத்துமாரி யோசித்தாள். "கோவம் இருக்கும்மா. இல்லன்னு எப்படிச் சொல்ல? கை வலிக்கும்போதெல்லாம் ஒங்க கொரல்தான் ஞாபகம் வருது" என்றாள். தேதிச் சீட்டை இடது கையால் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஆனா நீங்க எழுதுனத வக்கீலு வாசிச்சுக் காட்டினாரு. நான் சொன்னது அப்படியே இருந்துச்சு."

அது மன்னிப்பா, இல்லையா என்று ஞானபூரணம் பிரித்துப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மழை நாள். மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தறித் தெருவிலிருந்தே ஒரு போன். பதினோரு வயதுப் பெண் பிள்ளை. குடித்துவிட்டு வந்த அப்பா அம்மாவை அடிக்கிறார். இரண்டு வண்டிகளும் வெளியில். "வண்டி வர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும் மக்கா. அம்மாவ வெளிய இழுத்துட்டு வந்துரு, மீரா பீவி இருக்குத பச்சைக் கேட்டு வீட்டுக்கு ஓடு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு போனில் மீரா பீவியைக் கூப்பிட்டாள். நாலு நிமிடத்தில் தாயும் பிள்ளையும் உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே நின்று கேட்டை உதைத்தவனை முகம்மது ஹுசைன் ஜன்னல் வழியாகப் பேசிப் பேசியே நிறுத்தி வைத்தார். வண்டி முப்பத்தெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஞானபூரணம் டைரியில் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினாள்.

சாயங்காலம் மீரா பீவியே போன் செய்தாள்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. சோறு போட்டேன். பிள்ள தூங்குது."

"ரொம்ப நன்றிங்க."

"நன்றி இருக்கட்டும். இந்த மாசம் இது மூணாவது தடவ ஏட்டம்மா. கேட்ட உதைக்கும்போது எங்க வீட்டு மனுசருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி. அவுக மாத்திர போடுத ஆளு. நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா ஒங்க வேலைய எம்புட்டு நாளைக்கு நாங்க பாக்கது?"

கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டாள். ஞானபூரணத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் வார்த்தைகள் வந்தன. அடுத்த வருடம் புது ஆட்கள் வந்துவிடுவார்கள், தேர்வு முடிந்துவிட்டது, பயிற்சியில் இருக்கிறார்கள் என்று எதையாவது சொல்லலாம். கேட்கிற ஆளுக்கு ஆறுதலாக இருக்கும்.

"தெரியலங்க" என்றாள். "எனக்குத் தெரியல."

 மறுமுனையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. "சரி, வைக்கேன். நாளைக்கு அந்தப் பிள்ளைய வந்து பாத்துட்டுப் போங்க. பயந்துபோய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டு மீரா பீவி வைத்தாள்.

மறுநாள் ஞானபூரணத்துக்கு டூட்டி காலை ஏழு மணிக்கு. ஆறு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்தாள்.